வகுப்பறையை விட்டுப் போகாத குரல்

ஒலியியல் ஆசிரியர் பாடத்தை முடித்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவருடைய குரல் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. இசைக் கல்லூரியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறையில் எதிரொலி அதிகம், கனத்த திரை போடுங்கள் என்று அவர் பல வருடங்களாகக் கேட்டு வந்தவர்தான். ஒரு வாரம் கடந்தும் குரல் ஓயாததில் மகிழ்ந்தவர் முதல்வர்.

"பாடம்தான் தானா நடக்குதே சார், நீங்க எதுக்கு வீணா அலையணும்?" என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

குரல் விடுப்புக் கேட்கவில்லை, ஊதிய உயர்வும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை நடத்திய அன்றைக்கு ஆசிரியருக்குச் சளி. காற்றில் அலை பரவுவதை விளக்குமிடத்தில் பலமாகத் தும்மியிருந்தார். மாணவர்கள் தும்மலையும் சேர்த்து மனப்பாடம் செய்தார்கள். தேர்வில் அதை விட்டவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. "சந்தேகமெல்லாம் கடைசியில கேளுங்க" என்று குரல் தினமும் சொன்னது. பாடம் முடிந்த கையோடு மறுபடி தொடங்கிவிட்டதால் அந்தக் கடைசி வரவேயில்லை.

"உங்க குரல் வேலைக்குப் போகுது, நீங்க மட்டும் இங்க விட்டத்தைப் பாத்துட்டுக் கிடக்குறீங்க" என்றாள் மனைவி. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஓர் அலை ஏறும்போது இன்னொன்று அதே அளவு இறங்கினால் இரண்டும் அழிந்துபோகும் என்று கற்பித்தவர் அவர். தன் பாடம் முழுவதையும், தும்மல் உட்பட, ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் மாற்றிச் சொல்லிப் பழகினார். பல மாதங்கள் தொண்டை புண்ணாகிக் கிடந்தது.

ஒரு நாள் வகுப்பில் போய் நின்று, குரல் பாடத்தைத் தொடங்கிய அதே நொடியில் வாயைத் திறந்தார். இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, அறை அடங்கியது. மின்விசிறி முனகுவது கேட்டது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வயலின் படிக்கும் பெண் எழுந்து பக்கத்திலிருந்த தோழியைக் காட்டினாள். "சார், என் வயலினும் இவளோடதும் ஒண்ணா வாசிச்சா நடுவுல ஒரு நடுக்கம் கேக்குதே, அது ஏன்?"

அவரால் பதில் சொல்ல முடியாது. ஒரு சொல் பிசகினாலும் குரல் மேலெழும்பிவிடும். வாயசைப்பை நிறுத்தாமலே இருவரையும் வில்லை இழுக்கச் சொல்லி சைகை காட்டினார். ஒரு வயலினில் தந்தியை இறுக்கும் முறுக்காணியை மெதுவாகத் திருகினார். நடுக்கம் தளர்ந்து, அலையலையாக நீண்டு, காணாமல் போனது. இரண்டு வயலினும் ஒன்றாய் ஒலித்தன.

"அட, ரெண்டும் ஒத்துப்போகலேன்னாதான் நடுங்குதா!" என்று அவள் கத்தியே விட்டாள். ஆசிரியருக்குக் கண் கலங்கியது. அவர் வகுப்பில் இதுவரை யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை.

கல்லூரிப் பாடத்தை அழித்ததற்கு முதல்வர் விளக்கம் கேட்டார். மாணவர்கள் அந்த அமைதிக்குத்தான் அடித்துப்பிடித்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது கால அட்டவணைப்படி காலையில் குரல் பாடம் நடத்துகிறது, மதியம் ஆசிரியர் வந்து அதை அடக்குகிறார். பேசுவதற்கு வாங்கியதைவிட, பேசியது கேட்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதல்.