சுவரில்லாத கதவு

முகாமின் நடுவே சுவரில்லாமல் நின்ற கதவுக்குப் பின்னால் போனவர்கள் காணாமல் போனார்கள். கதவைத் திறந்ததும் திரும்பி வந்துவிட்டதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் அதைவிடப் பெரிய செய்தி, தண்ணீர் லாரி வராததுதான்.

கதவு கண்டக்டர் வீட்டுடையது. சண்டை ஊருக்குள் நுழைந்த அன்று எல்லோரும் கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓட, கண்டக்டரம்மாவின் அண்ணன் மட்டும் கால் சுளுக்கிவிட்டது, ஓரடிகூட எடுத்துவைக்க முடியாது என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆள் லேசான ஆளும் இல்லை. வேறு வழியில்லாமல் கண்டக்டர் வாசற்கதவைக் கழற்றி, மச்சானை அதன்மேல் படுக்கவைத்து, முன்பக்கம் தானும் பின்பக்கம் மனைவியுமாகச் சுமந்தார். மச்சான் வானத்தைப் பார்த்துப் படுத்தபடியே பள்ளம் எது, மேடு எது என்று வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டு வந்தார். முகாம் வாசலில் சாப்பாட்டு வரிசை கண்ணில் பட்டதும் கதவிலிருந்து குதித்து, ஓடிப்போய், முதல் ஆளாக நின்றார். கண்டக்டரம்மா புருஷன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். சுற்றிலும் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சண்டை அப்படியே அவள் தொண்டைக்குள் தங்கிவிட்டது.

சண்டை போட முகாமில் இடமில்லை. கூடாரங்கள் கயிற்றோடு கயிறு உரசி நின்றன. ஒருவர் தும்மினால் நாலு கூடாரம் தள்ளி இன்னொருவர் 'நூறு வயசு' என்பார். புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று மல்லுக்கு நின்றால், பக்கத்துக் கூடாரத்திலிருந்து, "அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா" என்று தீர்ப்பு வரும். கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே தகரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சபதம் போட்டிருந்த ஓரகத்திகள்கூட அந்த ஒரு காரணத்துக்காகச் சமாதானமானார்கள். குளிப்பதற்கு மறைப்பும் இல்லை. மறைப்பும் தாழ்ப்பாளும் வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பார்த்தார்கள். ஒரு லாரி நிறைய நீச்சல் கண்ணாடி வந்து இறங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற முகாமில் அது வீணாகவில்லை. சமையல் கொட்டகையில் வெங்காயம் உரிப்பவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புழுதிக்காற்று அடித்தால் முகாமே மாட்டிக்கொண்டு, பெரிய தவளைக் கூட்டம் ஒன்று குடிவந்ததுபோல் நடமாடியது.

கதவு இருந்தால்தான் வீடு என்று ஒரு மரியாதை என்பது கண்டக்டரின் கட்சி. கூடாரத்துக்கு முன்னாலிருந்த வெட்டவெளியில் இரண்டு கம்பம் நட்டு, கம்பியால் கட்டிக் கதவைத் தொங்கவிட்டார். ஊர் சிரித்தது. ஒருநாள் தலைவாருவதற்கு மறைவான இடம் தேடி அலுத்துப்போன கண்டக்டரம்மா, கிடைத்த மறைவு இதுதான் என்று கதவுக்குப் பின்னால் போய்ப் படாரென்று சாத்தினாள். கண்டக்டர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். மண்தான் கிடந்தது, ஒரு நாய் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. சுற்றி வந்தார், நாயையும் விசாரித்தார். கடைசியில் கதவைத் திறந்து பார்த்தால், அவள் வாயில் ஹேர்பின்னோடு உட்கார்ந்திருக்கிறாள். "பொம்பள தலைவாருற இடத்துக்குக் கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா?" என்றாள்.

உள்ளே வேறு உலகம் எதுவும் இல்லை. அதே மண், அதே வானம். மனிதர்களும் அவர்கள் பேச்சும் மட்டும் இல்லை. கதவைத் தட்டினால் இந்தப் பக்கத்துக்கும் கேட்கும், அந்தப் பக்கத்துக்கும் கேட்கும். மற்றபடி உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே வராது. விஷயம் பரவியதும் வரிசை உண்டாயிற்று. காலையில் பெண்கள் வாளியோடு வந்து குளித்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. ஒரு டீச்சர் தன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, பத்து வயது குறைந்தவராக வெளியே வந்தார். பெரிய மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர் சிவந்த கண்களோடு வந்து, "உள்ள தூசி ஜாஸ்தி" என்றார். அதற்குப் பிறகு அழவேண்டியவர்கள் எல்லோரும், தூசி விழ வேண்டியிருக்கிறது, கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்றே கேட்டார்கள். வரிசையைக் கண்டக்டர் விசிலோடு பார்த்துக்கொண்டார். இறங்குகிறவர்கள் இறங்கிய பிறகுதான் ஏற வேண்டும் என்பதில் அவர் கறார். மத்தியானம் மட்டும் வரிசை கிடையாது. சாப்பிட்டுவிட்டு மச்சான் உள்ளே தூங்குவார்.

கண்டக்டரம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும்தான் சேர்ந்து உள்ளே போக முறை வரவே இல்லை. தொண்டையில் இருந்த சண்டையோடு அவள் பலமுறை வரிசையில் நின்றாள். பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்பாள், அல்லது உதடு துடிக்க ஒரு பெரியவர் நிற்பார். "நீங்க போங்க, நம்முது எங்க ஓடிடப்போகுது" என்று விட்டுக்கொடுப்பாள்.

அப்போதுதான் புது அதிகாரி வந்தார். முகாம் தற்காலிகமானது, கதவோ நிரந்தரக் கட்டுமானம், ஆகவே கூடாது என்றார். கண்டக்டரும் கண்டக்டரம்மாவும் தண்ணீர் லாரிக்குப் போயிருந்த மத்தியானத்தில், சாத்தியிருந்த கதவை அப்படியே கழற்றித் தோளில் வைத்துக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்டக்டரம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சார், எங்க அண்ணன் உள்ள தூங்கிட்டிருந்தாரு சார்!"

அதிகாரி இரண்டு கம்பங்களையும் நடுவில் இருந்த வெறும் மண்ணையும் பார்த்தார். "எதுக்குள்ளம்மா?"

அவளால் அதைக் காட்ட முடியவில்லை. வந்த நாள் முதல் அண்ணனை மனதுக்குள் கரித்துக் கொட்டியவள், அந்த வெறும் மண்ணில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மறைப்பே இல்லாமல், ஊர் பார்க்க அழுதாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே ஊத மறந்து நின்றார். தலை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அதிகாரியும் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

கிடங்கில் மூட்டைகள்மேல் சாய்த்துவைத்த கதவை, உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கிடங்குக்காரர் மரியாதை தெரிந்தவர். "யாரு?" என்று கேட்டுவிட்டுத் திறந்தார். தூக்கக் கலக்கத்தோடு வெளியே காலெடுத்துவைத்த மச்சான், கூரைவரை அடுக்கியிருந்த பிஸ்கட் பெட்டிகளைப் பார்த்து அசந்துபோனார். "இத்தனையும் வச்சுக்கிட்டா எங்களுக்கு ஆளுக்கு ரெண்டுன்னு குடுத்தீங்க?" என்று கேட்டார். கண்டக்டரம்மா சேதி கேட்டு ஓடிவந்து சேர்ந்தபோது அவர் மூன்றாவது பாக்கெட்டில் இருந்தார். அவள் அவரை முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடியும் சாத்தினாள்.

இது என்ன ஏமாற்றுவேலை என்று பார்க்க அதிகாரியே கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். அவர் ஆபீஸ் என்பது ஒரு இரும்புப் பெட்டி. அதிலேயே மேஜை, அதிலேயே கட்டில். கையில் இரண்டு போன்கள், இரண்டிலும் யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போனவர் பொழுது சாயும்வரை வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண், கன்னத்தில் கைவிரல் பதிந்த தூக்கத் தடம். "உள்ள போன்ல சிக்னலே எடுக்கலை" என்று சொர்க்கத்தைப் பார்த்தவர்போல் சொன்னார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏம்மா, இதுக்கு வரிசை எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

மறுநாளே கதவு பழைய இடத்துக்கு வந்தது. அதிகாரி அன்றிலிருந்து மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். அடுத்த வருஷம் தாழ்ப்பாள்கள் வந்தன, திருகாணி இல்லாமல். அதற்கடுத்த வருஷம் திருகாணி வந்தது. தண்ணீர்க் குழாய் வந்தது, மறைப்புக் கட்டிய குளியலறை வந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்ற செய்தி மட்டும் வந்து வந்து போனது. குழந்தைகள் பிறந்தன, அவை கதவைத் தட்டிவிட்டுத்தான் எங்கேயும் நுழைய வேண்டும் என்று கற்றுக்கொண்டன. புதிதாக வந்து சேர்ந்தவர்கள், அது என்ன வெட்டவெளியில் என்று கேட்டால், "அதுவா? கதவு" என்று குழாயைக் காட்டுவதுபோல் காட்டினார்கள்.

ஒருநாள் சாயங்காலம், வரிசையில் முன்னால் வந்துவிட்ட கண்டக்டரம்மா வழக்கம்போல் பின்னால் திரும்பி யாருக்கு அவசரம் என்று தேடினாள். அதிகாரி கண்டக்டரின் விசிலைப் பிடுங்கி ஊதினார். "ரெண்டு பேரும் உள்ள போங்க. பின்னால யாரையும் பாக்காதீங்க" என்றார்.

கதவைச் சாத்தியதும் அவள் ஆரம்பித்தாள். "எங்க அண்ணனைத் தூக்குங்கன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக என் தையல் மெஷினை விட்டுட்டு வருவீங்களா? உங்களுக்குன்னு புத்தி வேணாம்?"

"நீதானடி அண்ணன் அண்ணன்னு அழுதே!"

"அழுதா? எங்க அண்ணனைப் பத்தி எனக்குத் தெரியாதா? நாலு அடி அடிச்சிருந்தா அவரே ஓடியிருப்பாரு!"

முதலில் இருவருக்கும் குசுகுசுவென்றுதான் குரல் வந்தது. வருஷக்கணக்கான பழக்கம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கண்டக்டருக்குப் பழைய பஸ் குரல் திரும்பியது, அவளுக்கு அவள் வீட்டுக் கூடத்துக் குரல் திரும்பியது. தையல் மெஷினுக்காகக் கத்தினாள், கூடத்துக்காகக் கத்தினாள், அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலுக்காகக் கத்தினாள். அவரும் தன் பங்குக்கு, கதவின் முன்பக்கம்தான் கனம் அதிகம் என்று கத்தினார். அது பொய் என்று அவள் சொல்லப்போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பிலிருந்து அழுகை வந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டார்.

கதவு தட்டப்பட்டது. அந்தத் தட்டு மச்சானுடையது, சந்தேகமே இல்லை.

"ஆள் இருக்கு!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வெளியே அது யாருக்கும் கேட்கவில்லை. வரிசை அப்படியே நின்றது.