மதர்போட்டுக்குச் சந்தனக் காப்பு

நாகேந்திரத்தாருக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. திருநீறு பூசினால் நெற்றி தெரியாது. பாணுக்குப் பட்டர் பூசினால் பாண் தெரியாது. அந்தக் கைதான் ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளவத்தை வீட்டில், கொம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு பசைக்குழாயை எடுத்தது.

கொம்பியூட்டர் கொஞ்ச நாளாகச் சூடேறிச் சூடேறித் தானாக நின்றுகொண்டிருந்தது. மூளைச் சிப்புக்கும் மேலே இருக்கும் காற்றாடிக்கும் நடுவில் பூசின பசை காய்ந்துவிட்டது, புதிதாகப் பூசினால் சரி என்று யாரோ சொன்னார்கள். பூசுவதென்றால் இவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிள்ளையாருக்குச் சந்தனக் காப்புச் சாத்துவதுபோல அப்பி, காற்றாடியை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். சாம்பல் நிறப் பசை நாலு பக்கத்தாலும் பிதுங்கி மதர்போட்டில் வழிந்தது. அதோடு விட்டாரா? சாரத் தலைப்பால் துடைத்தார். ஓரிடத்தில் இருந்தது எல்லா இடத்திலும் ஆயிற்று.

"சும்மா ஒருக்காப் போட்டுப் பாப்பம்" என்று சுவிச்சுக்குக் கையை நீட்டினார்.

"கையை எடுங்கோ!" குசினியிலிருந்து மனைவி ஐறீன் போட்ட சத்தத்தில் மனிதர் விறைத்துப்போனார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது அவருடைய அம்மாவின் நினைவு மலர். அம்மா யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடிவிட்டார். சண்டையால் பாதை பூட்டு, பிளேனில் இடமில்லை. கொள்ளி வைக்கவேண்டிய கடைக்குட்டி கொழும்பில் இருந்து, செத்தவீட்டு அழுகையைப் போனில் கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை இங்கே செய்து, வருகிறவர்களின் கையில் ஒரு நல்ல புத்தகம் கொடுக்க வேண்டும்; மகன் என்று அவரால் இனிச் செய்யக்கூடியது அவ்வளவுதான். தேவாரம், வரலாறு, அண்ணன் அனுப்பின படம் எல்லாவற்றையும் தானே எழுத்தெழுத்தாகக் குத்தி அடுக்கியிருந்தார். தினமும் ஒரு வரி கூட்டுவார். முடிந்தபிறகு டிஸ்க்கில் கொப்பி எடுக்கலாம் என்று விட்டிருந்தார். "இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள தந்தாத்தான் ஐயா. பிந்தினால் அந்தியேட்டிக்குப் புத்தகம் இல்லை" என்று கொட்டாஞ்சேனை அச்சகத்துச் சவுந்தரநாயகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

புறக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால், ஒவ்வொரு செக்பொயின்ற்றிலும் பெட்டியைத் திறந்து ஆணி ஆணியாகக் காட்ட வேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஐறீன் அங்கே கொம்பியூட்டர்க் கடை வைத்திருக்கும் ஸமீமுக்குப் போன் எடுத்தாள்.

"அந்தப் பசையில உலோகம் கலந்திருக்கு அக்கா. அது இருக்கிற நேரம் கரண்ட் பாய்ஞ்சா எல்லாம் எரிஞ்சிரும். தண்ணி கிட்டவும் கொண்டு போக வாணாம், ஸ்பிரிட்டால மட்டும் துடைங்க. புதுசா வைக்கிறதெண்டா ஒரு பயறளவு போதும்" என்றான் அவன்.

"பயறளவோ?" நாகேந்திரத்தார் வாய்க்குள் முணுமுணுத்தார்.

ஐறீன் கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கம். கலியாணக் கேக்குக்கு ஐசிங் பூப்போடுவது அவள் தொழில். மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள், வயரைப் பிடுங்கினாள். பழைய போன் கார்ட்டின் முனையால் மேலிருந்த பசையை வழித்தாள். பிறகு அவர் இன்சுலின் ஊசிக்கு வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சு ஒவ்வொன்றாக வந்தது. ஒருமுறை துடைத்த பஞ்சு மறுபடி மதர்போட்டைத் தொடவில்லை. சிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில், மயிர்போன்ற கம்பிகளுக்கிடையில் ஒரு துளி பசை. மெல்லிய பிரஷ் ஒன்றை நனைத்து, ஒரு கம்பியும் வளையாமல், வரிசை வரிசையாக எடுத்தாள்.

"நானும் கொஞ்சம் பிடிக்கட்டோ?"

"நீங்கள் அங்கால இருங்கோ. மூச்சும் விடாதேங்கோ."

இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன கையப்பா இது! ஒரு நடுக்கம் உண்டா, ஒரு அவசரம் உண்டா? 'வேதக்காரப் பெட்டை' என்று சொல்லி அம்மா இவர்களுடைய கலியாணத்துக்கே வரவில்லை. அந்த அம்மாவின் புத்தகத்துக்காக இவள் முதுகு கூனிக் குந்தியிருக்கிறாள். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் காய்ந்தபிறகு சிப்பைத் திரும்பப் பொருத்தி, குழாயின் வாலில் மிஞ்சிக் கிடந்ததைப் பிதுக்கி, கேக்கில் முத்து வைக்கும் அதே மணிக்கட்டுத் திருப்பலோடு சிப்பின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். காற்றாடியைப் பூட்டி, வயரைக் குத்தினாள்.

"இப்பப் போடுங்கோ."

அவருக்குக் கை வரவில்லை. அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தானே அமத்தினாள். 'பிள்ளையாரே!' என்று அவர் கண்ணை மூடினார். காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்க்க, திரையில் வெளிச்சம்.

புத்தகத்தைத் திறக்க, முதல் பக்கத்தில் அம்மா. வெள்ளைச் சேலை, காதில் தோடு, கமராவை நம்பாத அந்தப் பார்வை.

ஐறீன் கிட்டப் போய்க் கனநேரம் பார்த்தாள். "நான் இவவ இப்பதான் முதல்முதலாப் பாக்கிறன். நல்ல வடிவான மனுசி. மூக்கு அப்படியே உங்கட மூக்கு" என்றாள்.

செய்தி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவரில்லை. இப்போது கதிரையில் இருந்து, சின்னப்பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார்.

ஐறீன் அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மற்றக் கையால் கீபோர்ட்டை மெல்ல அப்பால் தள்ளினாள்.

"அழுங்கோ, நல்லா அழுங்கோ. அதில மட்டும் விடாதேங்கோ. இன்னொருக்காத் துடைக்க என்னால ஏலாது."