பச்சிலைப் புகை

தெருவே அவளைக் கொசு டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இலையை அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் கலந்து, கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களை உண்டாக்குவது அவள் வேலை. தண்ணீரில் நெளியும் கொசுப்புழு அதில் செத்துவிடும். அதே தண்ணீரில் மீன் பிழைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் மருந்து ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டவில்லை.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். அக்காவின் கணவர் நகராட்சிக்குக் கொசுப்புகை அடிக்கும் ஒப்பந்தக்காரர். அவர் வண்டியில் புதிதாக ஒரு விளம்பரத் தட்டி: 'நானோ பச்சிலைப் புகை. குழந்தைகளுக்கும் ஆபத்தில்லை.' கீழே வெள்ளைக் கோட்டு போட்ட அவள் படம். அக்காவின் போனில் மட்டுமே இருந்த படம்.

டீசல் நெடி மூக்கில் ஏறியது. புகை வண்டியைக் கண்டாலே கதவைச் சாத்தும் தெரு அன்று ஜன்னல்களை விரியத் திறந்து வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையோடு புகைக்குள்ளேயே நின்றாள். குழந்தை திணறித் திணறி இருமியது.

"ஐயோ, உள்ள தூக்கிட்டுப் போங்க!"

"நீங்க கண்டுபிடிச்ச மருந்துதானேம்மா?"

அவள் வண்டியை நோக்கி ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்ன மாமா கலந்தீங்க?"

"எப்பவும் போடுற பூச்சிமருந்தும் டீசலும்தான். வாசனைக்குக் கொஞ்சம் இலைச்சாறு. கத்தாதம்மா, வீட்டுல பேசிக்கலாம்."

"என் மூஞ்சியத் தெருவுல ஒட்டிட்டு வீட்டுல பேசணுமா? என் மருந்து தண்ணியில விடுறது மாமா, புகையே கிடையாது!"

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். "நாலு பேர் முன்னாடி இப்படியா பேசுவே? உன் பேரும்தானே வெளிய தெரியுது?"

"படத்த நீதான் குடுத்தியா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை தட்டியைப் பிடுங்கிக் காலால் மிதித்து உடைத்தாள். மறுநாள் நகராட்சியில் புகார் கொடுத்தாள். ஒப்பந்தம் போயிற்று. அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தை நல்லபடியாகத் திரும்பியது. அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மழைக்காலத்துக்குள் மீன் சோதனையிலும் மருந்து தேறியது. தெருவிலுள்ள வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் அதை விட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் போனாள். புழு நெளியும் தொட்டியை அந்தத் தாய் பலகை போட்டு மூடினாள்.

"உங்க பச்சிலையே வேண்டாம்மா. பட்டது போதும்."

அந்தத் தாயைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எல்லா வீட்டிலும் அதே பதில். நேராக அக்கா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அக்காதான் திறந்தாள்.

"மாமாவ வரச் சொல்லு. வீடு வீடா வந்து, அன்னிக்கு என்ன புகை அடிச்சாருன்னு அவரே சொல்லட்டும்."

அக்கா அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

அந்தத் தாயின் வீட்டு வாசலில் மாமா தலையைச் சொறிந்தார். "ஏதோ சின்னத் தப்பு நடந்துபோச்சு..."

"சின்னதா?" என்றாள் அவள். "திரும்பச் சொல்லுங்க மாமா. சத்தமா."