வெறும் வயிற்றோடு மேலே

"அப்பா, ரெண்டு கையையும் லீவர்ல இருந்து எடுங்க. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம ஏறினீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

வாக்கி-டாக்கியின் பொத்தானை விட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. கட்டடம் முழுக்க எல்லார் இடுப்பிலும் அதே அலைவரிசை. தளத்தில் கம்பி கட்டுகிறவர்கள், கீழே கலவை லாரிக்காரர், ஏசி அறையில் மேனேஜர், ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டிருப்பார்கள். படிப்பு முடித்து இதே இடத்தில் இன்ஜினியராகச் சேர்ந்த அன்றே அப்பா கண்டித்துச் சொன்னது இரண்டு விஷயம். நான் கிரேனில் இருக்கும்போது அப்பா என்று கூப்பிடாதே. எனக்குச் சர்க்கரை இருப்பதைப் பற்றி இந்த கேட்டுக்குள் மூச்சு விடாதே, தெரிந்தால் இறக்கிவிடுவார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள்.

உடைக்காமல் என்ன செய்வது? தலைக்கு மேலே கான்கிரீட் நிறைந்த வாளி தொங்கிக்கொண்டிருந்தது. "இடது, மெதுவா" என்றார் விசிலண்ணன். கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்கிறவர் அவர்; கழுத்தில் எப்போதும் ஒரு விசில் ஆடுவதால் அந்தப் பேர். வாளி வலதுபக்கம் போனது. "அண்ணே, இடதுண்ணே" என்று மறுபடி சொன்னார். மேலேயிருந்து "சரி" என்று வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு "சரி". யாரும் எதுவும் கேட்காமலே மூன்றாவது "சரி". பிறகு ஒரு சிரிப்பு.

கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்தால் அப்பா சிரிக்க மாட்டார். தும்மக்கூட யோசிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் வாளிக்கு அடியில இருந்து வெளிய வாங்க" என்று கத்தினாள். கம்பிக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

வாளி நின்றது. கையை எடுத்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டார் போல.

"யாரு அது?" என்றது மேலேயிருந்து அப்பாவின் குரல். நாக்கு தடித்துப்போயிருந்தது. "யாரு எனக்குக் கட்டளை போடுறது?"

இதெல்லாம் மேனேஜர் ஆரம்பித்து வைத்த கூத்து. அவர் வாரத்தில் சில நாள் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும் குடிப்பார். தொப்பை கரைந்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார், அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். போனில் ஒரு குழு ஆரம்பித்து, உடம்பு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், மூளை தீட்டின கத்தி மாதிரி ஆகும் என்று காலங்காலையில் உபதேசம் அனுப்பத் தொடங்கினார். அப்பாவும் சேர்ந்தார். அவருக்கு வேறு கணக்கு இருந்தது. கூண்டில் கக்கூஸ் கிடையாது. சாப்பிட்டுவிட்டு ஏறினால் நடுவில் அத்தனை ஏணியும் இறங்கி ஏற வேண்டும். வயிறு காலியாக இருந்தால் அந்த வம்பே இல்லை. வருஷாந்திர உடல் பரிசோதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. பள்ளிக்கூடப் பையன் மார்க்கைக் காட்டுவது போல அந்த மெஷினை அவளிடமும் அம்மாவிடமும் மாறி மாறி நீட்டினார்.

இறங்கியதுதான் அவளுக்குப் பயம். மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று அவளும் கூடப் போயிருந்தாள். "இந்த மாத்திரை, வயித்துல சாப்பாடு இருக்குன்னு நம்பி சர்க்கரையை இறக்கும். சாப்பாட்டை விடுறதா இருந்தா முன்னாடி என்னைக் கேளுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்குக் கடைசிப் பாதிதான் நினைவில் நின்றது. பொழுது விடிந்ததும் தவறாமல் மாத்திரையைப் போட்டார், தவறாமல் பட்டினி கிடந்தார். டாக்டர் பேச்சையும் கேட்கிறேன், மேனேஜர் பேச்சையும் கேட்கிறேன், இன்னும் உனக்கு என்னடி வேண்டும் என்பது போலப் பார்த்தார். வீட்டில் அவள் தொண்டை வறளக் கத்தியாயிற்று. "பட்டினி கிடந்து எவன் செத்தான்? உனக்குப் பல்லி விழுந்தாலும் பயம்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது மேலே கூண்டின் கதவு திறந்தது.

"நான் இறங்குறேன்" என்றார். "என்னை எல்லாரும் இறங்குன்னுதானே சொல்றீங்க. இறங்குறேன் போ."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை நாளாக அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். இப்போது அவர் ஒரு காலை வெளியே நீட்டினார். வானத்துக்கு முட்டுக்கொடுத்த மாதிரி அவ்வளவு உயரம். கை நடுங்குகிறவர், வலது இடது தெரியாதவர், அந்த ஏணியில் எத்தனை படி பிழைப்பார்?

"இறங்காதீங்கப்பா. உக்காருங்க. உள்ள போய் உக்காருங்க."

"நேத்து வரைக்கும் ஏறாதேன்னே. இப்ப இறங்காதேங்கிறே."

"ஆமா, நான் பைத்தியக்காரி. உக்காந்துட்டே என்னைத் திட்டுங்க."

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை செய்தது. கால் உள்ளே போனது.

அதற்குள் விசிலண்ணன் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். டீ மேஜையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை வாரி அவர் பையில் திணித்தாள். யாரோ குடித்து மீதி வைத்திருந்த பழரசப் பாட்டிலையும் சேர்த்தாள்.

"அண்ணே, முழிச்சிருந்து அவரே விழுங்கினா மட்டும் குடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்திடாதீங்க, புரையேறிடும். விசில் ஊதுங்க, ஆம்புலன்சுக்கு இப்பவே சொல்லிடுறேன்."

"நல்லா இருந்தா?"

"ரெண்டு தரம் ஊதுங்க. மோசம்னா ஒரே நீட்டு."

"என் ஆயுசுல இவ்ளோ பயந்து நான் ஊதினதில்ல தங்கச்சி" என்றபடி ஏணியைப் பிடித்தார்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவள் மறுபடி வாக்கியை எடுத்தாள். "அப்பா, திட்டுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

"உன்னைப் படிக்க வச்சதுக்கு..." என்று ஆரம்பித்தார் அப்பா. ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. படித்த திமிர் என்றார். அம்மாவை மாதிரியே வாய் என்றார். சின்ன வயதில் செருப்பைக் கிணற்றில் போட்டது முதல் போன மாதம் மாப்பிள்ளை வீட்டாரிடம் சம்பளம் எவ்வளவு என்று நேருக்கு நேர் கேட்டது வரை வரிசையாக வந்தது. கட்டடம் முழுக்க அவள் மானம் கப்பலேறியது. கம்பிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். கேட்டால் கேட்கட்டும். அப்பா பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் நுழைய முடியாது, மேனேஜர்கூட. அவர் திட்டும்வரை அவர் உட்கார்ந்திருக்கிறார். விசிலண்ணனின் மஞ்சள் தலைக்கவசம் ஏணிக்குள் ஏறி ஏறிச் சின்னதாகிக்கொண்டே போனது.

"மாப்பிள்ளை... அந்த மாப்பிள்ளைகிட்ட... செருப்பு..." வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு வெறும் மூச்சுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"அப்பா."

பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினாள்.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாளி காற்றில் இம்மியளவு அசைந்தது. ஒருவேளை விசிலண்ணன் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது ஆகியிருந்தால், அப்பா கடைசியாகச் சொன்னது செருப்பு என்பதாக இருக்கும், அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசனை கோணல்மாணலாக ஓடியது.

விசில் கேட்டது. ஒன்று. அவள் அப்படியே சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். நீட்டு ஊதலா, முதல் ஊதலா?

இரண்டாவது வந்தது.

வெகுநேரம் கழித்து, கயிறு கட்டி, விசிலண்ணன் அடியில் தாங்க, அப்பா படிப்படியாக இறங்கி வந்தார். ஆம்புலன்சில் வந்தவர்கள் விரலைக் குத்திப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். வேண்டாம் என்று அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவள் சொன்னது எடுபடவில்லை.

மேனேஜர் அறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் இனிப்பான டீ.

"வெயில்தான்" என்றார் மேனேஜர். "உடம்புல தண்ணி குறைஞ்சு போச்சு. யார் கேட்டாலும் அதான் பதில். சரியாம்மா?"

"வெயில் இல்ல சார். சர்க்கரை இறங்கிடுச்சு."

"நானும்தான் சாப்பிடல. எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"உங்களுக்கு மாத்திரை இல்ல. நீங்க பட்டினி கிடந்து தடுமாறினா மீட்டிங்ல கொட்டாவி விடுவீங்க. எங்கப்பா தடுமாறினா வாளி விழும்."

"பாப்பா" என்றார் அப்பா. "சார்கிட்ட மரியாதையா பேசு."

மேனேஜர் ஜன்னலைக் காட்டினார். வாளி நடுவானத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "உள்ள இருக்கிறது இறுகிட்டா வாளியே போச்சு. அடுத்த ஆள் சாயந்திரம்தான் வருவான். டீ குடிச்சிட்டாருல்ல, தெம்பாயிட்டாரு. ஏறி அதை மட்டும் இறக்கிட்டு வரட்டும்."

"ஏறிடுறேன் சார்" என்றார் அப்பா. ஏற்கெனவே தலைக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"என்ன நடந்துச்சு? கண்ணைச் செத்த நேரம் மூடினேன். அவர் வந்து சர்க்கரை குடுத்தார்."

"என்னைத் திட்டினது?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற விசிலண்ணனைப் பார்த்தார். "நான் எதுவும் பேசவே இல்லையே."

விசிலண்ணன் தரையைப் பார்த்தார்.

கட்டடமே கேட்டது அவருக்கு மட்டும் நினைவில் இல்லை. செருப்பு இல்லை, மாப்பிள்ளை இல்லை, கதவைத் திறந்து காலை நீட்டியது இல்லை. கீழே நின்றபோது இருந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. நாளைக்கும் அவர் இதே மாதிரி, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சத்தியமாக நம்பிக்கொண்டே லீவரைப் பிடிப்பார்.

"கேட்டுக்கு எதிர்ல கம்பெனி டாக்டர் இருப்பார்ல" என்றாள்.

அப்பாவின் முகம் மாறியது. அந்த டாக்டர் கையெழுத்து இல்லாமல் யாரும் கிரேன் ஏற முடியாது. "பாப்பா, நாளையிலிருந்து சாப்பிட்டுட்டே ஏறுறேன். உங்கம்மா மேல சத்தியம். உன்னை மாதிரி என்கிட்ட சர்டிபிகேட் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்தக் கூண்டு ஒண்ணுதான். அதைப் பிடுங்கிட்டா நான் வீட்டுல உக்காந்து எதைப் பார்க்கிறது?"

அவர் கேட்டது நியாயம்தான். ஒருவேளை மாத்திரையை மாற்றி, வேளைக்குச் சாப்பிட்டு, டாக்டர் பார்த்துச் சரி என்றால் மறுபடி ஏறலாம். ஒருவேளை ஏறவே முடியாமல் போகலாம். அவளோடு பேசுவதையே நிறுத்திவிடலாம், நிறுத்தக்கூடியவர்தான்.

"நீ வெளிய போனா, இங்க திரும்பி வரணும்னு நினைக்காதே" என்றார் மேனேஜர்.

அவள் வாக்கி-டாக்கியை இடுப்பிலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, நான் டாக்டரோட வர்ற வரைக்கும் இவரை ஏணிகிட்ட விடாதீங்க."

"ஏணியை என் முதுகுல கட்டிக்கிறேன் போ" என்று விசிலண்ணன் வழிவிட்டார்.

"பாப்பா" என்று அப்பா கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கேட்டுக்குக் குறுக்கு வழி வாளிக்கு நேர் அடியில் போனது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, வேகமாக நடந்தாள்.