நிலாவில் கழற்றிய செருப்பு

நானும் அஷ்ஃபாக்கும் பர்மாவின் ஷ்வேடகோன் பகோடாவில், அந்தப் பெரிய புத்தர் கோயிலில், இருபது வருஷமாக கைடுகள். மலேசியாவிலிருந்து ஒரு தமிழ் விண்வெளி சீரியல் எடுக்க வந்தவர்கள், கைடு வேஷத்துக்கு அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஒரே காட்சி. அது டிவியில் வந்த அன்று, லான்மடாவ் பேட்டையிலுள்ள என் வீட்டில் வயிறு எரிய உட்கார்ந்து பார்த்தேன்.

நிலாவில் ஒரு கோயில் வாசல். கண்ணாடிக் கவசமும் கனத்த பூட்ஸும் மாட்டிய சுற்றுலாப் பயணிகள். அஷ்ஃபாக் குடையை உயர்த்தி, "செருப்பெல்லாம் இங்கேயே கழட்டிருங்க" என்றான். காற்றில்லாத நிலாவில்! எழுதிக் கொடுத்த வசனம் இல்லையாம், பழக்கத்தில் வந்துவிட்டதாம். இயக்குநர் ரசித்து அப்படியே வைத்துக்கொண்டாராம்.

"என்னமா நடிக்கிறாரு" என்றாள் என் மனைவி கரீமா.

"இது நடிப்பா? நான் தினம் சொல்றதுதானே."

"அப்ப உங்கள ஏன் கூப்பிடல?"

டிவியை அணைத்தேன்.

மறுநாள் பகோடா வாசலில் குடையை உயர்த்தி, என் குழுவிடம் செருப்பைக் கழற்றச் சொன்னேன். பினாங்கிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் சிரித்தார்.

"அந்த சீரியல் கைடு மாதிரியே சொல்றீங்க. ஆனா அவரு சொன்னது இன்னும் இயல்பா இருந்துச்சு."