அறுபதுக்குக் கீழே

மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். தினமும் காலையில் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது, உடனே கூட்டி வந்துவிட வேண்டும். இதை அவர் என் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதரின் உயிர் என் மூன்று விரல் நுனியில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

என் கணவர் ராஜபாண்டி இருபது வருடம் அயர்ன் மாஸ்டராக இருந்தவர். நீராவிப் பெட்டியின் முன்னால் நின்று நின்று இதயம் பெருத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அப்படியெல்லாம் இல்லை என்றார். எப்படியோ, அவரைப் பேக்கிங் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். நான் அதே பனியன் கம்பெனியில் செக்கிங். முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பிழைக்க வந்த ஊர், சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம்.

நாடி எண்ண விரலில் மாட்டுகிற சின்ன மெஷின் வாங்கலாம் என்று நர்ஸ் சொன்னார். என் கணவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். கொரோனா சமயத்தில் அவருடைய அண்ணன் முனீஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டிலிருந்து யாரோ வீடியோ காலில் காட்டினார்கள். விரலில் மெஷின், அதில் ஒரு நம்பர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நம்பர் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் எந்த ஆஸ்பத்திரித் திரையையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. செக்கப்புக்கு அழைத்துப் போவதற்கே நான் ஒரு வாரம் கெஞ்ச வேண்டும்.

செல்போனை வைத்து எண்ணினேன். பாதி எண்ணும்போது பேக்கிங்கிலிருந்து அழைப்பு வரும், அட்டைப்பெட்டி எங்கே, ஸ்டிக்கர் எங்கே என்று. எண்ணிக்கை போய்விடும். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அமுக்கினால் ஓடி, அமுக்கினால் நிற்கிற கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் நல்லது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கையில் விமானிகள் கட்டுகிற மாதிரி வாட்ச் ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே ஞாபகம். கறுப்பு முகம், பெரிய வெள்ளை எண்கள், உள்ளே மூன்று சின்ன வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். நாடிக்கு என்று சொல்லி அதை வாங்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். வாங்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தடவை அழைப்பு வந்து எண்ணிக்கை கெட்டது. மூன்றாவது தடவை அறுபத்திரண்டு வந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். அவருக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மோர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வாட்ச் வாங்கியே தீருவது என்று கிளம்பினார்.

திருப்பூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்புசாமியின் கடை. வாட்ச் விற்பார், ரிப்பேரும் பார்ப்பார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டாயிரத்துக்குள் பைலட் மாடல் என்று கேட்டதும் வரிசையாக எடுத்துக் கண்ணாடி மேல் பரப்பினார்.

முதலாவதை என் கணவர் ஆசையாக எடுத்துப் பொத்தானை அமுக்கினார். அது அசையவில்லை. உள்ளே இருந்த சின்ன வட்டங்களும் வெறும் அச்சு. அப்புசாமி மறைக்கவில்லை, அது அழகுக்குத்தான், இந்த விலையில் பாதி அப்படித்தான் வரும் என்றார். இரண்டாவதில் எல்லாம் வேலை செய்தது, ஆனால் தங்க நிற முகத்தில் தங்க நிற முள். என் கண்ணுக்கு அது ஆகவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. தவிட்டு நிறத் தோல்வார், அதில் ஆணி அடித்த மாதிரி குமிழ்கள், தூரத்திலிருந்தே படிக்கலாம் போலப் பெரிய எண்கள்.

ஆனால் நீளமான நொடிமுள் பன்னிரண்டில் நின்றுகொண்டிருந்தது. நின்றுபோன எதையும் அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

“அது நிக்கறதுதானுங்க சரி” என்றார் அப்புசாமி. “ஓடற செகண்டு கீழ சின்ன வட்டத்துல இருக்குது பாருங்க. மேல் பொத்தான அமுக்குனாத்தான் பெரிய முள்ளு கெளம்பும்.”

அமுக்கிக் காட்டினார். முள் கிளம்பியது.

என் கணவர் வாட்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எண்கள் பழைய ரேடியம் மாதிரி மஞ்சளாக இருப்பது நல்ல அழகு என்றார். அப்புசாமி சிரித்துக்கொண்டே, நல்ல வெள்ளைங்க தம்பி அது என்றார். நானும் பார்த்தேன். வெள்ளைதான். என் கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கடை லைட்டே மஞ்சள் என்றார். மேலே எரிந்தது வெள்ளை டியூப்லைட்.

“எண்ணிப் பாரு நாகு. இதுக்குத்தான வந்தோம்” என்று கையைக் கண்ணாடி மேல் நீட்டினார்.

மூன்று விரலை வைத்தேன். இடது கையால் பொத்தானை அமுக்கினேன். எண்ணும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. நடுநடுவே ஒரு துடிப்பு வராமல், தையல் விட்டுப்போன இடம் மாதிரி வெறுமையாக இருந்தது. முள் ஒரு சுற்று முடித்தபோது நாற்பத்தாறில் நின்றேன். நாற்பத்தாறு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“வாட்ச்சு வேகமா ஓடுது” என்றார் அவர் உடனே. “ஒரு நிமிசம் ஆகுறதுக்குள்ள சுத்தி வந்துருச்சு.”

நானும் அதைத்தான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் வேலையே அப்படி. செக்கிங் மேஜையில் பத்து பீஸ் சேர்ந்தாற்போல் அளவு தப்பினால், துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் டேப்பைப் பார்ப்போம். இழுத்து இழுத்து டேப் நீண்டிருக்கும். ஒரு பழைய டேப்பால் ஒரு லாட் முழுவதையும் ஒதுக்கிவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உண்டு. வாட்ச் விலை மலிவு, அதனால் தப்பு அதில்தான் இருக்கும்.

டேப் மீது சந்தேகம் வந்தால் இன்னொரு டேப்பை எடுக்க வேண்டும். அதே மாடலில் இன்னொன்று கேட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து அப்புசாமி ஒரே நேரத்தில் அமுக்கினார். இரண்டு முள்ளும் சேர்ந்தே கிளம்பி, சேர்ந்தே உச்சிக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவதை வைத்து எண்ணினேன். நாற்பத்துநாலு. இந்தத் தடவை நான் எண்ணைச் சொல்லவில்லை. இதுவும் அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் பீஸ் ஒன்று மேஜையில் எப்போதும் இருக்கும், அதன் அளவு நிச்சயம். அதை அளந்தால் டேப்பின் லட்சணம் தெரிந்துவிடும். அப்புசாமியின் கையைக் கேட்டேன். எனக்கு எதுக்குங்க அம்மணி என்று சிரித்தபடி நீட்டினார். என் கணவர் இரண்டில் ஒரு வாட்சைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் சுவர்க் கண்ணாடியில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணினேன். துடிப்பு ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல் வந்தது. எழுபத்தெட்டு.

நான் நிமிர்ந்தேன். அப்புசாமி என் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“எவ்வளவு?” என்றார் என் கணவர் திரும்பி.

“இவருக்கும் அம்பதுதான்” என்றேன்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை என்பார். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்பார். அவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு வாரம் இல்லை, ஒரு மணி நேரம்கூட இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்புசாமி மேஜை மேல் இருந்த வாட்சை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு, தன் சரக்கைத் தானே குறை சொல்ல ஆரம்பித்தார். “இந்த லாட்டே சரியில்லாத மாதிரி இருக்குதுங்க தம்பி. என்ர கையி எப்பவும் எம்பதுக்குப் பக்கமா அடிக்கும். டாக்டரே சொல்லியிருக்கறாரு.”

அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பெரிய மெஷின் இருக்கிறதே, இந்த வாட்சைக் கொண்டுபோய் அதோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன்.

“வாட்ச்சுக்கு வைத்தியம் பாக்க ஆஸ்பத்திரிக்கா?” என்றார் என் கணவர். ஆனால் வாட்ச் அவர் கையில்தான் இருந்தது. கழற்ற மனம் வரவில்லை.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. சரியா இருந்தாக் காசு குடுங்க, இல்லீன்னா வாட்ச்சத் திருப்பிக் குடுங்க.”

“சரியா இருந்தா நூறு ரூவா குறைச்சுக்கிருவீகளா?”

“எரநூறே கொறைச்சுக்கறேனுங்க. இப்பவே போயிட்டு வாங்க.” அப்புசாமியே வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினார்.

பாலத்தின் மேல் நெரிசல். வண்டிகள் நகரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். புதுப்பொண்ணு மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாயே என்று கேலி செய்தார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை முழுக்க வாசித்து முடித்தேன். துடிப்பு வந்தது. அவரோ இன்னொரு கையை நீட்டி வெயிலில் வாட்ச் எப்படி மின்னுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாய் உலர்ந்துவிட்டது, ஏதாவது குடிக்கலாமா என்றார். போய்க் குடிக்கலாம் என்றேன். அவர் நெற்றி வேர்த்திருந்தது. அன்று வெயில் அதிகமில்லை.

கேஷுவாலிட்டியில் நான் சிஸ்டரிடம் தாழ்ந்த குரலில் மாத்திரையின் பெயரையும் கடைசி எண்ணையும் சொன்னேன். அந்தப் பெண் கேள்வி கேட்கவில்லை. அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். அவருக்கு அதுவும் வாட்சுக்காகத்தான்.

“நாகு, நீ இத வச்சு எண்ணு. சிஸ்டர், நீங்க மெசின ஓட்டுங்க. ரெண்டும் ஒத்து வருதான்னு பாப்போம்.”

எண்ணாமல் இருக்க முடியவில்லை. முள் உச்சிக்கு வந்தபோது நாற்பத்தொன்று. வாயில் சொல் வருவதற்கு முன்னால் அவரே திரும்பித் திரையைப் பார்த்துவிட்டார். அண்ணன் இறந்த பிறகு அவர் பார்த்த முதல் திரை.

“என்ன வந்துச்சு உனக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

“அங்கயும் நாப்பத்தொண்ணு. வாட்ச்சு சரியாத்தான் இருக்கு” என்றார் சந்தோஷமாக. “இருநூறு குறைச்சாச்சு.”

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டார். என் கணவர் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு மெதுவாக இறங்கியது. மறுபடி ஒரு தடவை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கடையிலயே தெரியுமா?”

தலையசைத்தேன்.

“பெறகு எதுக்குடி என்னையப் பேரம் பேச விட்டே?”

அந்தத் தடவை அவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாத்திரை உடம்பில் தேங்கிப்போயிருந்ததாம். சாப்பாடு இறங்காதது, வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது எல்லாம் அதனால்தான் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி எழுதினார். எண்ணுவதை மட்டும் விடக் கூடாது என்றார்.

தினமும் காலையில் எண்ணினேன். முன்பெல்லாம் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்பவர், அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. வாட்சையும் பார்க்க மாட்டார். கையை என்னிடம் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் பெரிய பயம். தெரிந்த டெய்லரின் பீஸில் ஓட்டை இருந்தால், அவள் எதிரே நிற்கும்போதே முகத்தை மாற்றாமல் பிழை ஸ்டிக்கர் ஒட்டிப் பழகியவள் நான். அந்த முகத்தைத்தான் வைத்துக்கொண்டேன். எழுபது வந்தாலும் அதே முகம், அறுபத்தொன்று வந்தாலும் அதே முகம். எண்ணி முடித்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். அவர் மூச்சை விடுவார். அப்போதுதான் அவர் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, எண்ணி முடித்து முள்ளை நிறுத்தினேன். முகத்தை மாற்றவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாத்திரை டப்பாவை நோக்கிக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். இந்தத் தடவை நான் எதுவும் புனைய வேண்டியிருக்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார்.

“நீ பைய வா. நான் போயி ஆட்டோவ நிறுத்துறேன்” என்றார்.

வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் கவனிக்காத மாதிரி சாதாரணமாக நடந்து போனார். பையில் என்ன எடுத்து வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் போர்வையை வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். தெருமுனையில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அந்தப் போர்வையோடு நான் மட்டும் திரும்பி வந்தேன்.