டவுட்டின் கையில் மட்டும் ஒளிர்ந்த கல்

வைரச் சோதனைக்கூடத்தில் அவனுக்கு ‘டவுட்டு’ என்று பெயர். கேன்டீன் டப்பாவில் இருப்பது சர்க்கரைதானா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

சோதனைக்கு வரும் கல்லோடு எண் மட்டும்தான் இருக்கும். யாருடைய கல் என்று சோதிப்பவனுக்குத் தெரியக்கூடாது. நகைக்கடை வைத்திருக்கும் அவன் அக்கா புருஷனுக்கு இந்த விதியெல்லாம் தூசு. நேராகப் போன் போட்டுவிட்டார்.

“மாப்ளே, ஓவல் கல்லு ஒண்ணு வந்திருக்குமே? என் கடையில வித்ததுதான். மெஷின்ல வளத்த கல்லுன்னு கஸ்டமர் மல்லுக்கு நிக்கிறாரு. பூமியில வெளஞ்சதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்டா. மாத்தி வந்துச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

டவுட்டு போனை வைத்தான். வேலை கிடைத்த அன்று அதே மச்சான் கட்டிவிட்ட வெளிநாட்டு வாட்சில் மணி பார்த்தான். பிறகு எதிர்மேசையில் இருக்கும் சீனியர் அக்காவிடம் போய், “இது எங்க மச்சான் கல்லு” என்று போட்டு உடைத்தான்.

“சரி, நீ பாரு. அப்புறம் நானும் பாக்குறேன். கையெழுத்து என்னோடது” என்றாள் அக்கா.

சோதனைப் பேனா பீப் என்றது. வைரம்தான். ஆனால் மண்ணில் விளைந்ததா, மெஷினில் வளர்ந்ததா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது. அடுத்து புற ஊதா விளக்கு. மண்ணில் விளையும் வைரங்களில் பெரும்பாலும் நைட்ரஜன் கலந்திருக்கும். அது இந்த ஒளியை விழுங்கிவிடும். இந்தக் கல்லோ ஒளியை அப்படியே உள்ளே விட்டது. நைட்ரஜன் இல்லாத ‘டூ ஏ’ வகை. மண்ணில் அபூர்வம், மெஷினில் சர்வசாதாரணம்.

ஒளியை வடிகட்டும் இரண்டு குறுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தான். பாய் பின்னியது போலக் கோடுகள். பூமியின் அழுத்தம் போட்ட பின்னல்! மனசு குளிர்ந்தது.

கடைசியாக இருட்டுப் பெட்டி. கல்லை இடுக்கியில் பிடித்துக் கையை உள்ளே விட்டு, விளக்கைப் போட்டு அணைத்து, மேலே உள்ள சின்னத் துளை வழியாகக் கல்லை மட்டும் பார்த்தான். மெஷின் கல் பலதும் விளக்கு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒளிரும். இதுவும் ஒளிர்ந்தது. பச்சையாக, நன்றாக.

“அக்கா, பின்னல் மண்ணுங்குது, வெளிச்சம் மெஷினுங்குது. ரெண்டுல ஒண்ணு புளுகுது.”

அக்கா வந்து கையை விட்டாள். விளக்கு எரிந்தது, அணைந்தது. கும்மிருட்டு.

“எங்கடா வெளிச்சம்?”

டவுட்டு பிடித்தான். பச்சை. அக்கா பிடித்தாள். இருட்டு.

“உன்னைப் பாத்தா மட்டும் கல்லு பல்லைக் காட்டுதே! உன் கைராசியா?”

மச்சான் கடை கிடக்கட்டும். இதற்கு விடை தெரியாமல் இனி சோறு இறங்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். பச்சை. கையுறையை மாற்றினான். பச்சை. வாட்சைக் கழற்றினான்.

இருட்டு.

கல்லை எடுத்துவிட்டு வாட்சை மட்டும் பெட்டியில் வைத்து, விளக்கைப் போட்டு அணைத்தான். முட்களும் எண்களும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. அதைத்தான் கல்லின் பட்டைகள் கண்ணாடி மாதிரி காட்டியிருக்கின்றன.

அக்கா எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து, வெறுங்கையோடு செய்தாள். ‘இயற்கை வைரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

டவுட்டு போன் போட்டான். “மச்சான், கல்லு மண்ணுலதான் வெளஞ்சிருக்கு. கடையை மூட வேண்டாம்.”

“நான்தான் சொன்னேனே! நம்ம கையில டூப்ளிகேட்டுக்கு இடமே கெடையாது மாப்ளே!”

டவுட்டு வாட்சின் முகத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி முத்திரையின் ஓரத்தில் மை கசிந்திருந்தது. முட்களில் ஒன்று கொஞ்சம் கோணல்.

“மச்சான், நீங்க எனக்கு ஒரு வாட்ச் குடுத்தீங்களே…”

“மாப்ளே, கடையில கூட்டம். அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்துவிட்டார் மச்சான். பின்னணியில் ஒரு ஈ பறந்தாலும் கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி.